அக்கா கொண்டு வந்த லேகியம்

மாகிரட் அக்காவை மூதூர் போகும் லோஞ்ச் படகில் ஏற்றிவிட்டு, போன கிழமைக் கதையில் நாம் கரையில் நின்றோம். ஐவிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தை உப்பவைத்துக்கொண்டு போனாரே, அதே மாகிரட் அக்காதான். போன காரியத்தை முடித்துத் திரும்பியும் வந்துவிட்டார். கட்டைபறிச்சான் ஊர் நாட்டு வைத்தியரான பரிசாரியார் கிண்டிக் கொடுத்த லேகியம் அவருடைய சேலை மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ஐவியின் புருஷன் வின்சன்ட் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவன். வெள்ளைக்காரன் டொக்யார்டை விட்டுப் போன வருஷம், கம்பி அறுந்து அவன் இடுப்பில் அடித்தது. நோவுக்கென்று கப்பற்காரர் கொடுத்த அபின், நோவு போன பிறகும் போகவில்லை. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், கடைசியில் ஐவியின் தையல் மெசினும் போனது.

அன்றைக்கு ஐவி அழவில்லை. நேரே பொலிசுக்குப் போனாள். "என்ர மனிசன் ஜெற்றியில அபின் டின்னோட நிக்கிறார். பிடியுங்கோ" என்றாள். பிடித்தார்கள். வின்சன்ட் இப்போது மறியலில், கம்பிக்குப் பின்னால்.

கட்டிய புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று அன்று தொடக்கம் மாகிரட் அக்கா ஐவியின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. தாய் இடையில் செத்துப்போக, தம்பி வின்சன்டை இடுப்பில் சுமந்து வளர்த்தவர், அவனுக்காகவே கல்யாணத்தையும் வேண்டாம் என்று விட்டவர். அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு ஐவியைப் பிடிக்கும், அதை ஒளிக்கப் போவதில்லை. அதற்காக அக்காவை ஆரும் ஏச நான் விடமாட்டேன்.

இனி இன்றைய நாள்.

மறியலுக்குப் பொறுப்பான டொக்டர் ஸெய்னுதீன் கிண்ணியாக்காரர். அபினுக்கு அடிமையான மறியற்காரரைத் தனியாக ஒரு மண்டபத்தில் வைத்து, அவர் ஒரு புது வைத்தியம் நடத்துகிறார். அபின் கரைத்த மருந்தை அளந்து கொடுப்பார். பிறகு கொஞ்சம் குறைப்பார். உடம்பு அதற்குப் பழகியதும் இன்னும் கொஞ்சம் குறைப்பார். கடைசியில் வெறும் கோப்பைதான். இடையில் உப்புப் போட்ட வடிகஞ்சியும், கைகால் உளைவுக்கு எண்ணெய்த் தேய்ப்பும், முற்றத்தில் நடையும்.

மண்டபத்துக்குப் பூட்டுக் கிடையாது, ஆனால் ஒரு சட்டம் உண்டு. கரையேறினவன், இன்னும் கரையேறாதவனுக்குத் துணை இருக்க வேண்டும். வின்சன்ட் இப்போது முத்தனுக்குத் துணை. முத்தன் மூதூர்ப் பக்கத்து மீன்காரன். அவனுக்கு மருந்து பாதிதான் குறைந்திருக்கிறது.

ஜெயிலர் முத்துலிங்கத்துக்கு இந்த வைத்தியம் கண்ணில் விழுந்த தூசி.

"அபினை வச்சிருந்தவனைப் பிடிச்சு உள்ள போட்டு, உள்ளயே அபினும் குடுக்கிறதோ? நெருப்பை எண்ணெய் ஊத்தி அணைக்கிற வைத்தியத்தை நான் இப்பதான் பார்க்கிறன்" என்பார்.

"கூரையில நிக்கிறவனை இறக்க ஏணி வேணும், ஜெயிலர். தள்ளி விட்டாலும் கீழ வருவான்தான். எலும்பு மிஞ்சாது" என்பார் டொக்டர்.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் பேணாட் இன்றைக்கு வருகிறார். முதன்முதலாகக் கரையேறியவன் வின்சன்ட். மருந்து முற்றாக நின்று ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. அவனைச் சோதித்து, அவன் உண்மையில் தேறிவிட்டான் என்றால் மண்டபம் நிலைக்கும். இல்லையென்றால் இன்றைக்கே மூடுவிழா. முத்தனும் மற்றவர்களும் பழையபடி தனி அறைக்குள் கிடந்து கத்த வேண்டியதுதான். அந்த அறையிலிருந்து வெளியே போனவன் எவனும் அபின் கிடைக்கிற அந்தத் துறைமுக ஜெற்றிப் பக்கம் போகாமல் வீட்டுக்குப் போனதில்லை. ஜெயிலர் விடியவே ஒரு பெரிய பூட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

காலையில் ஐவியும் மாகிரட் அக்காவும் வின்சன்டைப் பார்க்க வந்தார்கள். வந்தது ஒன்றாக. நின்றது கம்பிவலையின் இரண்டு மூலையில்.

வின்சன்ட் மெலிந்திருந்தான். ஆனால் கண் தெளிந்திருந்தது. ஐவி அதைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்தபடியே கேட்டாள்.

"சாப்பிடுறீங்களோ?"

"ஓம். கஞ்சிதான். வயிறுதான் இன்னும் சொல்வழி கேக்குதில்லை. போய்க்கொண்டே இருக்குது. அதுவும் நிண்டிடும் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"சொல்லுவார், சொல்லுவார்!" மாகிரட் அக்கா மூலையிலிருந்து வெடித்தார். "வயித்தோட்டத்துக்கு மருந்து குடாமல் கஞ்சி குடுக்கிற டொக்குத்தரை நான் எங்கயும் காணேல்லை. நாட்டு மருந்து உள்ள வரப்படாதாம். பெரிய சட்டம்!"

"மச்சாள், அவர் காரணத்தோடதான்..." என்று ஐவி தொடங்கினாள்.

"வலைக்கு இஞ்சால நிண்டு கதைக்கிறது லேசு" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஐவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காவலுக்கு நின்ற வார்டரிடம் எதையோ கேட்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து அக்காவின் கை வலையின் கிழிசலுக்குள் போய் வந்தது.

"எங்கட அம்மா எங்களுக்குத் தந்த அதே லேகியம், தம்பி. அதே பரிசாரி வீடு. ரெண்டு விரல் நக்கினால் வயிறு கட்டிப்போடும். ஒருத்தருக்கும் சொல்லாதை."

வின்சன்ட் போத்தலைச் இடுப்புச் சாரத்துக்குள் செருகிக்கொண்டான். அக்கா தருவதை வேண்டாம் என்று சொல்லிப் பழகாத பிள்ளை அவன்.

மண்டபத்துக்குத் திரும்பி, மூலையில் குந்தி, மூடியைத் திறந்தான். பனங்கட்டி வாசம், சாதிக்காய் வாசம். சின்ன வயதில் வயிற்றோட்டம் வந்தால் அம்மா விரலில் தொட்டு நாக்கில் தடவிவிடுவாள். வயிறும் நிற்கும், நல்ல நித்திரையும் வரும். அவனுக்கு அழுகை வந்தது. விரலில் கொஞ்சம் தொட்டு வாயில் வைத்தான்.

இனிப்பு. காரம். அதற்குக் கீழே ஒரு கசப்பு.

அந்தக் கசப்பை வின்சன்டின் நாக்குக்கு ஒருவரும் அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. உச்சந்தலை தொடக்கம் உள்ளங்கால் வரை அவனுடைய உடம்பு எழுந்து நின்று "வா" என்றது.

அபின்! வயிற்றோட்ட லேகியத்துக்குள் அபின். பரிசாரிமார் அந்த நாள் தொட்டுச் சேர்ப்பதுதான். வயிற்றைக் கட்டுவதே அதுதானே! தடுமனுக்குக் கொத்தமல்லி அவிப்பது போல ஊரெல்லாம் வயிற்றுக்கு இதைத்தான் தின்று வளர்ந்தது. உள்ளே என்ன கிடக்கிறது என்று எந்தத் தாய் கேட்டாள்?

வின்சன்ட் வாயிலிருந்ததைத் துப்பினான். ஆனால் போத்தலைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் அவன் பட்ட பாட்டை விரோதிக்கும் வேண்டாம் என்பேன். ஆருக்குத் தெரியப்போகிறது? அக்கா தந்த மருந்து. வயிற்றுக்குத்தானே. ஒரு கரண்டி தின்றால் இந்த உளைவு போகும், கண் மூடி ஒரு நித்திரை கொள்ளலாம். ஆரும் கேட்டால், நான் என்ன கண்டேன் என்று கையை விரிக்கலாம்.

போய்ச் சொன்னால்? மறியலுக்குள் அபின் கொண்டு வந்த குற்றத்துக்கு அக்கா உள்ளே வருவார். இடுப்பில் சுமந்த அக்கா.

சாரத்துக்குள் திருப்பி ஒளித்தால்? ஒளித்து வைத்தது எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும் என்று அவனை விட ஆருக்குத் தெரியும்.

பக்கத்துப் பாயில் முத்தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். "அண்ணை, இதெல்லாம் நிற்குமோ?" என்று கேட்டான்.

"நிற்கும்" என்றான் வின்சன்ட். சொன்ன பிறகு அங்கே குந்தியிருக்க அவனுக்கு ஏலாமல் போனது. எழுந்து ஜெயிலரின் அறைக்குப் போனான்.

பெரிய டொக்டர் பேணாட் அப்போதுதான் வந்து கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டொக்டர் ஸெய்னுதீன். வின்சன்ட் போத்தலை மேசையில், அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஐயா, இதுக்குள்ள அபின் கிடக்குது. நான் நாக்கில வச்சுத் துப்பிப் போட்டன்."

ஜெயிலர் துள்ளி எழுந்தார். "ஆர் தந்தது?"

"என்ர அக்கா" என்றான் வின்சன்ட். "வயித்து மருந்து எண்டு தந்தவ. அவவுக்குத் தெரியாது, ஐயா. சத்தியமாத் தெரியாது."

"எல்லாக் கள்ளனுக்கும் இதே கதைதான்! பார்த்தீங்களோ டொக்டர், உங்கட வைத்தியத்தின்ர சீரை? வார்டர், அந்தப் பொம்பிளையைப் பிடி!"

மாகிரட் அக்கா இன்னும் வாசலைத் தாண்டவில்லை. கொண்டு வந்து நிறுத்தினார்கள். பின்னால் ஐவியும் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மேசையில் போத்தலையும் பக்கத்தில் தம்பியையும் கண்டதும் அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"நீயா தம்பி? என்னைக் காட்டிக் குடுத்தது நீயா?" குரல் உடைந்தது. உடைந்த குரலை ஒரு நொடியில் ஒட்டிக்கொண்டு ஐவியின் பக்கம் திரும்பினார். "பெண்சாதியின்ர பழக்கம் புருஷனுக்கும் ஒட்டிப் போட்டுது!"

"அக்கா, அதுக்குள்ள அபின்..."

"அபினாம்! எங்கட அம்மாவின்ர கையால நாங்கள் திண்டு வளர்ந்த மருந்தை அபின் எண்டு சொல்ல உனக்கு நாக்கு எப்பிடி வந்தது? அம்மா என்ன அபினா தந்தவ?"

"வேற எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீர்?" என்று ஜெயிலர் உறுக்கினார்.

"என்னட்ட வேற ஒண்டும் இல்லை. சோதிச்சுப் பாரும்! நஞ்செண்டால் நானே திண்டு காட்டுறன்!"

ஆரும் கையைப் பிடிக்குமுன், தேநீர்க் கரண்டியை எடுத்துப் போத்தலுக்குள் விட்டு, நிறைய அள்ளி வாயில் போட்டார். அது போதாதென்று இன்னொரு கரண்டி. டொக்டர் ஸெய்னுதீன் பாய்ந்து கரண்டியைப் பறித்தார்.

"அம்மா, என்ன வேலை இது!"

"பாத்தீங்களே? நான் செத்தா போனன்? கல்லுப் போல நிக்கிறன்!" என்று அக்கா இடுப்பில் கைவைத்தார்.

டொக்டர் பேணாட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அதிகம் கதைக்காத மனிதர். "அந்த அம்மாவுக்கு அந்த நீள வாங்கில இருக்க இடம் குடுங்கோ. நாங்கள் தம்பியைச் சோதிப்பம். அவசரம் ஒண்டும் இல்லை" என்றார்.

வின்சன்டை ஜன்னலடிக்குக் கூட்டிப் போய் ரோச் வெளிச்சம் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நாடி பிடித்தார். கைத்தோலில் ஊசி அடையாளம் தேடினார். இடுப்பை அமர்த்திப் பார்த்தார். நித்திரை, பசி, கனவு எல்லாம் கேட்டார். நெடுநேரம் எடுத்தது. அதுவரைக்கும் வாங்கிலிருந்து மாகிரட் அக்காவின் ஏச்சு மழை. ஜெயிலரின் பரம்பரை, டொக்டரின் கஞ்சி, ஐவியின் நன்றிகெட்டதனம் என்று ஒன்றையும் விடவில்லை.

பிறகு மழை தூறலாயிற்று.

"எடியே ஐவி" என்றார் அக்கா. ஐவி திடுக்கிட்டாள். மாதக்கணக்கில் அந்த வாயில் அவள் பெயர் அவளைப் பார்த்து வந்ததில்லை. "இஞ்ச வந்து இரு, பிள்ளை. ஏன் நிக்கிறாய்? கால் உளையப் போகுது."

ஐவி பயந்து பயந்து போய் இருந்தாள். அக்காவின் தலை மெல்ல அவளுடைய தோளில் சாய்ந்தது.

"நல்ல ஜெயிலர்" என்றார் அக்கா, முத்துலிங்கத்தைப் பார்த்து இளித்தபடி. "மீசை என்ன வடிவு!"

வார்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஜெயிலருக்குக் கை தானாக மீசைக்குப் போய்விட்டது.

டொக்டர் பேணாட் வந்து, குனிந்து, அக்காவின் கண்ணுக்கு ரோச் அடித்தார். "முத்துலிங்கம், வந்து பாரும்" என்றார். ஜெயிலர் பார்த்தார். கண்மணி இரண்டும் குண்டூசித் தலை போலச் சிறுத்துக் கிடந்தன. "இப்ப தம்பியின்ர கண்ணைப் பாரும்." அதையும் பார்த்தார். நல்ல, அகன்ற, தெளிந்த கண்.

"அபின் எங்க கிடக்குது, எங்க இல்லையெண்டு இனி நான் சொல்லத் தேவையில்லை. அபின் கடத்திறவள் அதை ஜெயிலருக்கு முன்னால அள்ளித் திண்ணமாட்டாள். இந்த அம்மா கொண்டு வந்தது வயித்து மருந்து. அவ்வளவுதான். வழக்கொண்டும் வேண்டாம்."

டொக்டர் பேணாட் ரோச்சை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இன்னொண்டு. நான் இவனின்ர கண்ணையும் நாடியையும் பார்க்கத்தான் கொழும்பில இருந்து வந்தனான். அதுக்கு முதல் இவன் தானே ஒரு சோதினை எழுதிப் பாஸ் பண்ணிப் போட்டான். கையில அபின், கேட்க ஒருத்தரும் இல்லை, சாட்டுச் சொல்ல அக்கா. அப்பிடியிருந்தும் கொண்டு வந்து மேசையில வச்சான். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? மண்டபம் இருக்கும், ஸெய்னுதீன். மற்ற மறியலுகளிலயும் இதைத் தொடங்கச் சொல்லி நானே கேட்பன்."

டொக்டர் ஸெய்னுதீன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமில்லை. வின்சன்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். ஐவி தோளில் அக்காவின் தலை இருந்தபடியால் எழும்ப முடியாமல், இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். அவன் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மறியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஜெயிலர் முத்துலிங்கம் மேசையில் கிடந்த பூட்டை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டு மூடிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதன்தான் அவரும்.

அக்காவை நித்திரை கொள்ளவிடாமல் நடக்கவைத்து, கடுங்கோப்பி பருக்கி, இனிப் பயமில்லை என்று டொக்டர் சொல்லி அனுப்பும்போது பின்னேரம் ஆகிவிட்டது. மண்டபத்துக்குள் மருந்து மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

ஐவி அக்காவைத் தாங்கிக்கொண்டு கடற்கரை வீதியால் நடந்தாள். உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் அக்கா கொஞ்சம் தெளிந்தார். மதிலோரம் வேப்பமர நிழலில் நின்றுவிட்டார்.

"ஐவி. அம்மாவும் எங்களுக்கு அபின்தான் தந்திருக்கிறா, என்ன?"

"தெரியாமல் தந்தவ, மச்சாள். நீங்களும் தெரியாமல்தான்."

"தெரியாமல் செய்தால் மட்டும் பிள்ளை பிழைக்குமோ?" அக்காவின் கண் வழிந்தது. "நீ காட்டிக் குடுத்தபடியால் அவன் உயிரோட இருக்கிறான். இண்டைக்கு அவன் என்னைக் காட்டிக் குடுத்தபடியால் அவன் மனிசனா நிக்கிறான். நான்தான் வாய் கிழியக் கத்திக்கொண்டு திரிஞ்சனான். நீ செய்தது சரியடி, பிள்ளை."

ஐவிக்கு நம்ப முடியவில்லை. "மச்சாள், இது நீங்கள் கதைக்கிறியளோ, லேகியம் கதைக்குதோ?"

"லேகியத்துக்கு வெட்கம் இல்லை. எனக்கு இருக்குது, பார்" என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் நடுவீதியில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். ஒரு சைக்கிள்காரன் மணியடித்து விலகிப் போனான்.

சிரிப்பின் நடுவில் அக்காவின் முகம் மாறியது.

"என்ர மாதாவே... ஐவி!"

"என்ன மச்சாள்?"

"லோஞ்சில என்னோட முத்தன்ர மனிசி வந்தவள். ராசமலர். அவனுக்கும் வயிறு சரியில்லையெண்டு அழுதாள். பாவமெண்டு..." அக்கா ஐவியின் கையை நெரித்தார். "நான் ரெண்டு போத்தல் வாங்கினனான். ஒண்டை அவளுக்குக் குடுத்திட்டன். பின்னேரம்தான் அவனைப் பார்க்கப் போவன் எண்டவள்."

இப்போது பின்னேரம். ஐவி அக்காவை வேப்பமரத்தடியில் இருத்தினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வந்த வழியே ஓடத் தொடங்கினாள்.

அதே நேரம், மண்டபத்துக்குள் வின்சன்ட் முத்தனுக்கு எண்ணெய் தேய்க்க வந்து குந்தினான். காலையில் நடுங்கிக்கொண்டிருந்தவன் இப்போது அசையாமல் சுவரில் சாய்ந்திருந்தான். நெற்றியில் வேர்வை இல்லை. உதட்டில் ஒரு சிரிப்பு.

"நல்லா இருக்குது, அண்ணை" என்றான். சொல் ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து வந்தது.

பனங்கட்டி வாசம். சாதிக்காய் வாசம்.

"முத்தன், உன்ர கையில என்ன?"

"வயித்து மருந்து. மனிசி தந்தவள்." போர்வைக்குள்ளிருந்து போத்தல் உருண்டு பாயில் விழுந்தது. மூடி இல்லை. உள்ளே ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை. மருந்து மணிக்கு டொக்டர் கொடுத்த அளவும் ஏற்கெனவே அவன் வயிற்றுக்குள் போய்விட்டது.

முத்தன் வின்சன்டின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. "காட்டிக் குடுத்திராதையுங்கோ, அண்ணை. இனிச் செய்யமாட்டன். மண்டபத்தால என்னைத் துரத்திப் போடுவினம்."

வின்சன்ட் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். முத்தனை இழுத்து நிமிர்த்தி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். "கண்ணை மூடினால் கொன்றுபோடுவன்!" என்றான். பிறகு பூட்டில்லாத அந்தக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு முற்றத்தில் பாய்ந்தான்.

"டொக்டர்!" என்று மறியல் முழுக்கக் கேட்கக் கத்தினான். "டொக்டர், ஓடி வாங்கோ! முத்தன் அபின் திண்டிட்டான்!"